மெழுகாய் உறையும் ஆல்கஹால்

மார்கழி, தை மாதங்களில் ஆரணிப் பக்கத்துத் தறி வீடுகளுக்குள் ஒரு சின்னத் தொல்லை வந்து உட்காரும். பனிக்காற்றில் கை வெடிக்கும். விரல் நுனியில் தோல் பிசிறு எழும்பும். வயல் வேலை செய்கிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பட்டு வேலை செய்கிறவருக்கு அப்படி விட்டுவிட முடியாது. சிட்டத்திலிருந்து, அதாவது நூல் கற்றையிலிருந்து, ராட்டையில் தார் என்ற சிறு குழலில் சுற்றும்போது நூல் விரல்களுக்கு நடுவே ஓடும். பட்டு இழை தலைமயிரைவிட மெலிசு. எழும்பி நிற்கும் தோலில் மாட்டினால் பிசிறடிக்கும், சில சமயம் அறுந்தே போகும்.

தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாமே என்று தறிக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். எண்ணெய்க் கை பட்டால் பட்டில் கறை. வெளிர் நிறச் சேலையாக இருந்தால் மறைக்கவும் வழியில்லை, கூலியில் பிடித்துவிடுவார்கள். அதனால் கிரீம்தான்.

எங்கள் தெருவில் தார் சுற்றும் அக்கா ஒருவர் மருந்துக்கடையில் வாங்கிய கிரீம் டியூபை ஒரு நாள் என்னிடம் நீட்டினார். பின்பக்கத்துப் பொடி எழுத்தை அவருடைய மகள் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டியிருக்கிறாள். தண்ணீருக்கு அடுத்து இரண்டாவதோ மூன்றாவதோ இடத்தில் ‘சீட்டோஸ்டியரைல் ஆல்கஹால்’ என்று இருந்தது.

“இன்னா தம்பி இது, ஆல்கஹால்னு போட்டுக்கீது? சாராயத்த கலந்தா கை இன்னும் காஞ்சி பூடாதா?”

நல்ல கேள்வி. ஊசி போடுவதற்கு முன் கையில் துடைக்கிற ஸ்பிரிட் தோலை எப்படி இழுத்துப் பிடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதே பெயருள்ள ஒன்றை வறண்ட கைக்குப் போடும் கிரீமில் எதற்காகக் கலக்கிறார்கள்?

பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. ஆல்கஹால் என்பது வேதியியலில் குடும்பப் பெயர். கார்பன் அணுக்கள் மணிமாலை மாதிரி கோத்திருக்க, அந்த மாலையின் ஓரத்தில் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்து தொங்கினால் அது ஆல்கஹால். மாலை எத்தனை நீளம் என்பதில்தான் குணமெல்லாம் இருக்கிறது. சாராயத்திலும் ஸ்பிரிட்டிலும் இருக்கும் எத்தனாலுக்கு இரண்டே மணி. அக்காவின் கிரீமில் இருப்பது சீட்டைல், ஸ்டியரைல் என்ற இரண்டின் கலவை. முதலாவதற்கு 16 மணி, அடுத்ததற்கு 18. விலை கூடிய தலைமுடிக் கண்டிஷனர்களில் பெஹெனைல் ஆல்கஹால் என்று ஒன்று வரும், அதற்கு 22.

மாலைகள் எப்படி உறைகின்றன என்பதை மார்கழியில் நம் வீட்டு எண்ணெய்ப் புட்டியே காட்டிவிடுகிறது. நல்லெண்ணெய் அப்படியே இருக்கும். தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துபோய், வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருப்போம். எண்ணெயிலும் இதே மாதிரி கார்பன் மாலைகள், அதாவது சங்கிலிகள், உண்டு. தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் நேராக இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொள்கின்றன. நல்லெண்ணெயின் சங்கிலிகளில் வளைவு உண்டு, படுக்க இடம் கொடுப்பதில்லை. சீட்டைல் ஆல்கஹாலின் சங்கிலியும் நேரானது, தேங்காய் எண்ணெயில் மிகுந்திருப்பதைவிட நீளமானது. ஆகவே அது 49 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. ஸ்டியரைல் 59 டிகிரிக்கு அருகில்தான் இளகும். ஆரணிக் கத்திரி வெயிலில்கூட இரண்டும் கட்டியாகவே இருக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் சீவிய மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளைச் செதில். சாராய வாடை அடிக்காது, தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனாலும் ஸ்பிரிட்டைப் போலக் குப்பென்று பற்றாது.

எத்தனால் தோலில் பட்டதும் பறந்துபோகிறது. போகும்போது தோலின் மேற்பரப்புக் கொழுப்பையும் கொஞ்சம் கரைத்துக் குலைத்துவிட்டுப் போகிறது, வறட்சி அங்கிருந்துதான். சீட்டைலுக்குப் பறக்கத் தெரியாது. தடவிய இடத்தில் மெல்லிய படலமாகத் தங்கி, உள்ளிருந்து ஆவியாகும் நீரைத் தடுக்கிறது. ஒரே குடும்பத்தில் ஊர் சுற்றியும் உண்டு, வீட்டைக் காத்துக் கிடப்பவரும் உண்டு என்று அக்காவிடம் சொன்னேன். “எல்லா ஊட்லயும் அப்படித்தான்” என்றார்.

ஆல்கஹால் என்ற சொல்லே ஓர் அழகுப் பொருளிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அரபியில் ‘அல் குஹ்ல்’ என்றால் கண்ணுக்குத் தீட்டும் மை, நன்றாக அரைத்த அஞ்சனப் பொடி. அந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போய், நுண்ணிய பொடி என்று பொருள் மாறி, பிறகு வடித்தெடுத்த சாரம் என்று ஆகி, கடைசியில் மதுவின் சாரத்தில் வந்து நின்றது. கண்மையில் தொடங்கிய சொல் சாராயக் கடைக்குப் போய்விட்டுத் திரும்ப முகக் கிரீமுக்கு வந்திருக்கிறது.

இந்த மெழுகு ஆல்கஹாலை முதலில் பிரித்தெடுத்தவரை ஆரணி போன்ற ஊர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். மிஷேல் யூஜீன் ஷெவ்ரோல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1786-இல் பிறந்து 1889-இல், 102 வயதில் இறந்தவர். விலங்குக் கொழுப்புகளையும் எண்ணெய்களையும் காரத்தோடு காய்ச்சிப் பிரித்து, சோப்பு எப்படி உண்டாகிறது என்று முதன்முதலில் தெளிவாகச் சொன்னவர் இவர்தான். 1817-இல் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலைக்குள் இருக்கும் வெண்மெழுகைக் காரத்தில் காய்ச்சியபோது, சோப்பாக மாறாத ஒரு வெள்ளைச் செதில் மிஞ்சியது. அதுதான் சீட்டைல் ஆல்கஹால். சீட்டஸ் என்றால் லத்தீனில் திமிங்கிலம். பெயரிலேயே மூலம் ஒளிந்திருக்கிறது.

அவர் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்து வருவது. 1824-இல் பாரிஸில் உள்ள கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு ஷெவ்ரோல் தலைவரானார். அங்கே நெசவாளர்கள் ஒரு புகாரோடு காத்திருந்தார்கள். நீல, ஊதாத் துணிமடிப்புகளுக்கு நிழல் காட்டப் போடும் கறுப்பு நூல் அழுத்தமாக இல்லை, சாயம் மட்டம் என்றார்கள். ஷெவ்ரோல் அந்த நூலை மற்ற ஊர்களின் நல்ல கறுப்பு நூலோடு வைத்துப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் ஓடும் நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளுத்துக் காட்டின. அருகருகே இருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று கண்ணுக்கு மாற்றிக் காட்டும் என்ற விதியை அதிலிருந்து வகுத்து, 1839-இல் பெரிய நூலாகவே வெளியிட்டார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று சேலை நெய்யும் ஊரில் இது யாருக்கும் புதிதில்லை. சிட்டமாக இருந்தபோது பளிச்சென்றிருந்த மெரூன், பச்சைக் கரைக்குப் பக்கத்தில் வந்ததும் வேறாகத் தெரிவதும், அதற்குச் சாயக்காரர் வசவு வாங்குவதும் இங்கே நடப்பதுதான்.

திமிங்கிலத்துக்குத் திரும்புவோம். பெரிய ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒன்றின் தலையில் ஏறக்குறைய 1,900 லிட்டர் வரை இந்த மெழுகெண்ணெய் இருக்கும். அதற்காகவே அந்த இனத்தைத் துரத்தித் துரத்திக் கொன்றார்கள். மெழுகுவர்த்தி, இயந்திர எண்ணெய், கோல்டு கிரீம் என்று அது போகாத இடமில்லை. வணிகத்துக்காகத் திமிங்கிலம் பிடிப்பதைச் சர்வதேசத் திமிங்கில ஆணையம் நிறுத்திவைத்தது 1986-இல் நடைமுறைக்கு வந்தது. கிரீம் தொழில் அதற்கு வெகு முன்பே வேறு வழி பார்த்துக்கொண்டுவிட்டது.

அந்த வேறு வழி நம் சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரேஷன் கடையில் கிடைக்கும் பாமாயில், செம்பனை எண்ணெயின் திரவப் பகுதி. அதைப் பிரிக்கும்போது ஒதுங்கும் கெட்டிப் பகுதி சோப்புக்கும் இதுபோன்ற வேதிப்பொருட்களுக்கும் போகிறது. செம்பனை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் சுமார் 44 விழுக்காடு 16 கார்பன் உள்ளது. அதன் அமில முனையில் ஹைட்ரஜனை உயர் அழுத்தத்தில், செம்பு கலந்த வினையூக்கியின் மேல் செலுத்தினால், சங்கிலி அப்படியே இருக்க முனை மட்டும் ஆல்கஹாலாக மாறும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி 12 கார்பன் என்பதால் அது லாரைல் ஆல்கஹாலுக்கு ஆகும். 22 கார்பன் வேண்டுமென்றால் கடுகெண்ணெய் வகைகள். இந்தியாவில் இவற்றைப் பெரிய அளவில் செய்யும் ஆலைகளில் ஒன்று குஜராத்தின் வாலியாவில் கோத்ரெஜ் நடத்துவது. சில ஆலைகள் பெட்ரோலியத்திலிருந்தும் செய்கின்றன. சங்கிலியைப் பார்த்து அது மரத்திலிருந்து வந்ததா, எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததா என்று தோலால் கண்டுபிடிக்க முடியாது. மாட்டுக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம் என்பதால், சைவமா என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டுப்புழுவை அவித்து நூலெடுக்கும் தொழிலில் இருந்துகொண்டு இதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். ஆனாலும் கேட்பது அவரவர் உரிமை.

சரி, மெழுகு மெழுகாக இருந்துவிட்டுப் போகட்டும். கிரீம் எப்படிக் கெட்டியாகிறது?

மெழுகைப் போட்டால் கெட்டியாகத்தானே செய்யும் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அது தப்பு என்பதை இரண்டு டம்ளரில் பார்க்கலாம். வீட்டில் சோப்பு செய்கிறவர்களுக்குப் பொருள் விற்கும் கடையிலிருந்து சீட்டோஸ்டியரைல் ஆல்கஹால் செதிலும், எமல்சிஃபையிங் வேக்ஸ் என்ற செதிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினேன். இரண்டாவது பெரிய மர்மம் ஒன்றுமில்லை; பிரிட்டிஷ் மருந்து நூலில் உள்ள பழைய செய்முறைப்படி, சீட்டோஸ்டியரைல் ஆல்கஹால் ஒன்பது பங்கு, ஷாம்புவில் நுரை வரச் செய்யும் சோடியம் லாரைல் சல்பேட் ஒரு பங்கு.

முதல் டம்ளரில் வெறும் செதில் 5 கிராம். இரண்டாவதில் வேக்ஸ் 5 கிராம். ஒவ்வொன்றிலும் 75 டிகிரிக்குக் காய்ச்சிய தண்ணீர் 95 மில்லி. பாத்திரத்து வெந்நீருக்குள் டம்ளரை நிறுத்தி, உருகியதும் வெளியே எடுத்து, ஆறும்வரை ஸ்பூனால் கலக்கிக்கொண்டே இருந்தேன். முதல் டம்ளரில் உருகிய மெழுகு எண்ணெய்த் துளியாக மிதந்தது. ஆற ஆற, ரசத்தின் மேல் உறைந்த நெய் போலத் திரித்திரியாகக் கட்டி, கீழே தண்ணீர் தண்ணீராகவே நின்றது. இரண்டாவது டம்ளர் முதலில் ஆவின் பால் போல வெளுத்தது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபோது ஸ்பூன் கனத்தது. ஆறி முடித்ததும் இட்லி மாவுப் பதம். மறுநாள் காலை பார்த்தால் இன்னும் கொஞ்சம் இறுகியிருந்தது. எண்ணெய் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெறும் தண்ணீர்.

இரண்டு டம்ளரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு கொழுப்பு ஆல்கஹால். வித்தியாசம் அரை கிராம் நுரைப்பொருள். அந்த அரை கிராம் என்ன செய்தது?

கொழுப்பு ஆல்கஹாலின் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், நீண்ட வாலுக்குத் தண்ணீரே ஆகாது. தனியாக விட்டால் தண்ணீர் பிடிக்கும் முனை மிகச் சிறியது. வால் ஜெயித்துவிடும், மெழுகு ஒதுங்கிவிடும். கூடவே நுரைப்பொருள் கொஞ்சம் நுழைந்தால் கணக்கு மாறும். சங்கிலிகள் தோளோடு தோள் நின்று விரிப்பாக அடுக்கிக்கொள்ளும். வால்கள் உள்ளே பார்த்தபடி இரண்டு விரிப்பு ஒன்றாகப் படியும். தலைகள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்க்கும். இப்படி ஒரு விரிப்பு, மேலே கொஞ்சம் தண்ணீர், மறுபடி விரிப்பு, மறுபடி தண்ணீர். பட்டுச் சேலையை மடித்து, மடிப்புக்கு மடிப்பு மெல்லிய தாள் வைத்துப் பெட்டியில் அடுக்குவோமே, அந்த அமைப்பு. விரிப்பின் கனம் நானோமீட்டர் கணக்கில்தான். ஆனால் நுரைப்பொருளின் மின்னேற்றம் ஒரு விரிப்பை இன்னொன்றிடமிருந்து தள்ளி நிறுத்துவதால், நடுவில் விரிப்பைவிடப் பல மடங்கு கனமான தண்ணீர் தங்குகிறது. நுண்ணோக்கியில் இந்த அடுக்குகள் சில இடங்களில் வெட்டிய வெங்காயம் போலச் சுருண்டு தெரியும். கலவை ஆறும்போது சங்கிலிகள் உறைந்து விரிப்பு விறைக்கிறது. தண்ணீருக்கு ஓட இடமில்லை. அதுதான் கெட்டி.

நம் ஊருக்குக் கஞ்சி தெரியும். ஆரணி அரிசிக்கும் பெயர் போன ஊர். அரிசி மாவு வெந்நீரில் கெட்டியாவதும் தண்ணீரைப் பிடித்துவைப்பதால்தான். அங்கே மாவு மணிகள் தண்ணீரைக் குடித்து உப்புகின்றன, இங்கே விரிப்புகளுக்கு நடுவே தண்ணீர் அகப்படுகிறது. ஆனால் தொட்டால் தெரியும் வேறுபாடு ஒன்று உண்டு. கஞ்சி காய்ந்தால் விறைக்கும். பாவுக்குக் கஞ்சி போடுவதே அதற்காகத்தான். கிரீமின் விரிப்புகள் விரல் பட்டதும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். உள்ளங்கையில் வைத்தால் குவியலாக நிற்கிற கிரீம், தேய்த்த மாத்திரத்தில் இளகிப் பரவுவது இதனால்.

சீட்டைலையும் ஸ்டியரைலையும் கலந்தே போடுவதற்கும் காரணம் இருக்கிறது. தனித்தனியாகப் போட்டால் சங்கிலிகள் ஒரே நீளம் என்பதால் நாளாக ஆகக் கச்சிதமாக அடுக்கிப் படிகமாகிவிடும். விரிப்பு குலையும், பிடித்த தண்ணீரை விட்டுவிடும், கிரீம் நீர்த்துப்போய் முத்துப்போல மினுக்கும். நீளம் வேறுபட்ட இரண்டைக் கலந்தால் அவற்றால் அப்படி அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. ஒரே உயரத்து ஆட்கள் வரிசையில் நெருக்கி நிற்பது சுலபம், குட்டையும் நெட்டையும் கலந்து நின்றால் இடைவெளி விழத்தானே செய்யும்.

(என் இட்லி மாவுக் கிரீமை மூன்றாம் நாள் கொட்டிவிட்டேன். தண்ணீர் உள்ள எதிலும் பூஞ்சை பிடிக்கும். கெடாமல் காக்கும் பொருள் சேர்க்காத வீட்டுக் கிரீமை வாரக்கணக்கில் முகத்தில் பூசாதீர்கள்.)

தலைமுடிக் கண்டிஷனர் இதே டம்ளர்தான், நுரைப்பொருளை மட்டும் மாற்றியது. நனைந்த முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் இருக்கும். பழுதான முனைகளில் கூடுதலாக. கண்டிஷனரில் போடும் நுரைப்பொருளோ நேர் மின்னேற்றம் கொண்டது, போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு சேர்ந்து கொழுப்பு ஆல்கஹால் விரிப்பும் முடியின் மேல் படியும். சீப்பு வழுக்கும். முடி புரதம், பட்டும் புரதம். சாயக்காரர் கோரா நூலைச் சோப்புத் தண்ணீரில் அவித்து, அதன் எடையில் நாலில் ஒரு பங்கு வரை இருக்கும் பசையை நீக்கிய பிறகுதான் பட்டுக்கு அந்த மினுக்கும் வழவழப்பும் வருகிறது. கண்டிஷனர் விளம்பரங்களில் பட்டுப் போன்ற கூந்தல் என்று பாடுவது வெறும் உவமைதான் என்றாலும், இழையின் மேற்பரப்பைத்தான் அங்கும் இங்கும் சரிசெய்கிறார்கள்.

துணிக்கும் தலைமுடிக்கும் உள்ள இந்த உறவு பழையது. ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நெசவு ஆலைகள் நிறைந்த ஊர். சோப்பு உப்புத் தண்ணீரில் திரிந்து துணியில் அழுக்குப் படலமாக ஒட்டும். அதன் காரம் கம்பளிக்கும் பட்டுக்கும் ஆகாது. கொழுப்பு ஆல்கஹாலைக் கந்தக அமிலத்தோடு சேர்த்தால் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கிற, காரமில்லாத சலவைப் பொருள் கிடைக்கிறது என்று கண்டு, அந்த ஊர் நிறுவனம் ஒன்று 1932-இல் ஃபேவா என்ற பெயரில் மென்துணிகளுக்கான சலவைத்தூளை விற்கத் தொடங்கியது. இரண்டே ஆண்டில், 1934-இல், அமெரிக்காவில் அதே வகைப் பொருளைக் கொண்டு டிரீன் என்ற ஷாம்பு வந்தது. ஆக, பட்டையும் கம்பளியையும் கெடாமல் துவைக்கக் கண்ட வழிதான் தலைக்கு ஏறியிருக்கிறது. நம் வீடுகளில் பட்டுச் சேலையை ஷாம்பு போட்டு அலசும் பெண்கள் தெரியாமலே அந்த வண்டியைப் பின்னோக்கி ஓட்டுகிறார்கள். அதில் தவறில்லை; கண்டிஷனர் கலந்த ஷாம்பு மட்டும் வேண்டாம், அதன் படலம் ஜரிகை மேல் தங்கி மங்கவைக்கலாம்.

ஷாம்பு நம் பக்கத்துக் கிராமங்களுக்குள் வந்தது கடலூர்க்காரர்கள் புண்ணியத்தில். சின்னி கிருஷ்ணன் சாஷே யோசனையைக் கொடுத்தார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலில் தொடங்கிய சிக் ஷாம்பு, சில்லறைக் காசுக்குக் கடை வாசலில் சரமாகத் தொங்கியது. அந்த வகை ஷாம்புவின் நுரையும் லாரைல் ஆல்கஹாலின் பேரப்பிள்ளைதான். ஆனால் ஷாம்பு கெட்டியாவது வேறு வழியில்: பெரும்பாலும் சாதாரண உப்பைப் போட்டு. அதே உப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் மறுபடி நீர்த்துவிடும்.

இதற்கு முன் இருந்த கிரீம்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் அம்மாக்கள் ‘ஸ்நோ’ என்று சொன்னவை, பம்பாயில் 1919-இல் வந்த ஆப்கான் ஸ்நோவின் காலத்து வகை, ஸ்டியரிக் அமிலத்தைப் பாதி சோப்பாக்கிச் செய்யப்படுபவை. 18 கார்பன் சங்கிலியே அங்கும்; முனைதான் ஆல்கஹாலுக்குப் பதில் அமிலம். பூசியதும் மறையும், ஆனால் சோப்பு கலந்திருப்பதால் வறண்ட தோலுக்கு அவ்வளவு இதமில்லை.

இனி பின்பக்க எழுத்து. நம் நாட்டுச் சட்டப்படி ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருட்களை அளவு இறங்குவரிசையில் அச்சிட வேண்டும். சீட்டைல், ஸ்டியரைல், சீட்டோஸ்டியரைல் அல்லது சீட்டியரைல், பெஹெனைல் என்ற முன்னொட்டோடு ஆல்கஹால் வந்தால் அது மெழுகு, பயப்பட ஒன்றுமில்லை. வெறுமனே ஆல்கஹால் என்றோ, எத்தனால், டீநேச்சர்டு ஆல்கஹால் என்றோ பட்டியலின் தலைப்பக்கம் வந்தால் அது ஸ்பிரிட். வறண்ட தோல்காரர் தள்ளிவைக்கலாம். முன்பக்கம் ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுப் பின்பக்கம் சீட்டைல் ஆல்கஹால் இருந்தால் கம்பெனி ஏமாற்றுகிறது என்று அர்த்தமில்லை. அந்த வாசகம் எத்தனாலை மட்டுமே குறிக்கிறது, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் அப்படித்தான் விளக்கம் கொடுத்திருக்கிறது. மார்க்கத்தின் காரணமாக மது கலந்ததைத் தவிர்க்கிறவர்களும் இதே வேறுபாட்டைத்தான் பார்க்க வேண்டும். சீட்டைல் போதை தரும் பொருள் இல்லை.

முழுக்க அப்பாவி என்றும் சொல்லிவிட மாட்டேன். சீட்டோஸ்டியரைல் ஆல்கஹால் ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வருகிறவர்கள் மிகச் சிலர் இருக்கிறார்கள், குறிப்பாக நாள்பட்ட கால் புண்ணுக்கு விதவிதமாகக் களிம்பு போட்டவர்களில். எண்ணெய் வடியும், பரு நிறைந்த முகத்துக்குக் கனத்த கிரீம் தோதுப்படாமலும் போகலாம். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி பக்கத்து இருக்கையில் இருக்கிறான். மேலே சொன்ன பிரிட்டிஷ் வேக்ஸில் ஒரு பங்கு சோடியம் லாரைல் சல்பேட் இருந்ததே, அந்த வேக்ஸைக் கொண்டு செய்த ஆக்குவஸ் கிரீமைக் கரப்பான் உள்ள குழந்தைகளுக்குப் பூசினால் எரிச்சல் உண்டாகலாம் என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் எச்சரித்தது. தோலிலேயே விட்டுவைக்கிற கிரீமில் அந்த சல்பேட் இருக்கிறதா என்று பார்ப்பது, ஆல்கஹால் என்ற சொல்லைத் தேடுவதைவிடப் பயனுள்ளது.

இன்னொன்று, கெட்டி பற்றியது. டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தும் விழாத கிரீமைப் பார்த்தால் நமக்கு மரியாதை வருகிறது. கெட்டிப் பால், கெட்டித் தயிர், கெட்டிச் சரிகை என்று கெட்டியை மதித்தே வளர்ந்தவர்கள் நாம். கிரீமில் அந்தக் கணக்கு செல்லாது. இட்லி மாவுப் பதத்துக்கு 5 விழுக்காடு போதும் என்று டம்ளர் சொல்லிவிட்டது. இன்னும் கொஞ்சம் கூட்டினால் இன்னும் இறுகும். கெட்டி என்பது அடுக்கின் வேலை. வறட்சிக்கு வேண்டியது கிளிசரின், பெட்ரோலியம் ஜெல்லி, யூரியா போன்றவை பட்டியலில் எங்கே இருக்கின்றன என்பது. நீர்த்த லோஷனில் அவை கூடுதலாக இருக்கலாம், மலைபோல் நிற்கும் கிரீமில் பேருக்கு இருக்கலாம்.

அக்காவின் டியூபில் கிளிசரினும் வெள்ளைப் பாரஃபினும் (பெட்ரோலியம் ஜெல்லிதான்) மேலேயே இருந்தன. வாங்கியது சரிதான் என்றேன். எப்போது போடுவது என்றுதான் அவருக்கு அடுத்த கேள்வி. மெழுகுப் படலம் பறக்காது என்று சொன்னேனே, அந்த நல்ல குணமே தறி வீட்டில் இடைஞ்சல். பூசிய கையோடு நூலைத் தொட்டால் படலம் நூலுக்கும் போகும். இரவு கை கழுவி, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் பூசிக்கொண்டு படுத்துவிட வேண்டும். காலையில் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு ராட்டையைத் தொடலாம். அவர் அதற்கும் மேலே ஒரு படி போனார். காலையில் கழுவிய கையைப் பழைய வெள்ளைப் பட்டுத் துண்டு ஒன்றில் அழுத்தித் துடைத்து, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். துண்டில் மினுக்கம் ஏதும் ஒட்டவில்லை என்றால் மட்டுமே அன்றைக்கு முதல் தார்.